மணலியிலிருந்து ஜவ்வாது மலைக்கு: ஒரு சாமை இயந்திரமும் அதற்கு நான் கட்டிய சுங்கமும்

கண்ணமங்கலத்தில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. மல்லாட்டைத் தோல் உரிக்கும் இயந்திரம், மாட்டுத்தீவனம் நறுக்கும் இயந்திரம், மோட்டார், பெல்ட், பேரிங் என்று விவசாயிக்கு வேண்டியதை விற்கிறோம். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் ஊர்ச் சந்தையில் வந்து வேர்க்கடலை என்று கேட்டுப் பாருங்கள், ஆள் சென்னை என்று முடிவுகட்டிக் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏற்றிவிடுவார்கள். என் பெயர் சேகர். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறார், கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாசி பிறந்த வாரத்தில் சீனாவிலிருந்து இறக்கிய ஓர் இயந்திரத்தைக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போனேன். அதுவரை மொத்த வியாபாரிகளிடம் வாங்கி விற்றவன், முதல்முறையாக என் பெயரிலேயே வெளிநாட்டுச் சரக்கை இறக்கியிருந்தேன். அந்தப் பயணத்தின் படத்தை இங்கே போட்டதிலிருந்து, "நாமும் இறக்கலாமா, சுங்கம் எவ்வளவு ஆகும்?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக இறக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நான் சறுக்கிய இடத்தில் நீங்களும் சறுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. மலைப் பயணத்தைப் படிக்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள், வண்டி கிளம்பும்.

இது ராணி அக்காவில் தொடங்கியது. ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் பெண்கள் குழு ஒன்று சாமை பயிரிட்டு விற்கிறது. அதற்கு இவர்தான் தலைவி. சாமையை மூட்டையாகவே போளூருக்கு இறக்கி, அங்கே ஆலையில் கொடுத்து அரிசியாக்கி, மறுபடி விற்பனைக்கு அனுப்புவதில் லாபமெல்லாம் வண்டி வாடகையாகப் போகிறது என்பது அவர் கவலை. ஐப்பசியில் கடைக்கு வந்து நின்றவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சாமைக்கு உமி எடுக்குற மிஷின் ஒண்ணு வேணுங்க தம்பி. எங்க ஊருல சிங்கிள் பேஸ் கரண்டுதான். அதுல ஓடணும். இன்னா விலைன்னு இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் ஏத்தக் கூடாது."

சீனாவில் விசாரித்து வைத்திருந்தேன், கணக்கும் போட்டு வைத்திருந்தேன். ஜிஎஸ்டி பில்லோடு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம், மலைக்கு ஏற்றும் வாடகை மட்டும் உங்களுடையது என்றேன். "விலை ஏறாதா?" என்று மறுபடி கேட்டார். "ஒரு ரூபாய் ஏறாதுக்கா" என்று மார் தட்டாத குறையாகச் சொன்னேன். குழுச் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் முன்பணம் வந்தது.

இப்போது கணக்கு. இறக்குமதி செய்ய முதலில் ஐஇசி என்னும் ஏற்றுமதி இறக்குமதிப் பதிவு எண் வேண்டும். இணையத்தில் நீங்களே எடுக்கலாம், நான் கட்டியது ஐந்நூறு ரூபாய். ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அந்த எண்ணை வங்கிக் கணக்கோடு துறைமுகத்தில் பதிய வேண்டும், அதைச் சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார். இயந்திரத்தின் விலை நம் பணத்தில் 98,000. கப்பல் கூலியும் காப்பீடும் 14,000. இரண்டையும் கூட்டிய 1,12,000 ரூபாய்க்குத்தான் சுங்கம் விழும். பொருளின் விலைக்கு மட்டும்தான் வரி என்று நினைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேயே கவிழ்ந்துவிடுவார்கள்.

அடிப்படைச் சுங்கம் ஏழரை சதவீதம், அதாவது 8,400. அந்தச் சுங்கத்தின் மேல் பத்து சதவீதம் சமூகநலக் கூடுதல் வரி, 840. இவ்வளவையும் சேர்த்த தொகையின் மேல் ஐஜிஎஸ்டி பதினெட்டு சதவீதம், 21,823. இதெல்லாம் நான் கட்டியபோது இருந்த விகிதம், உங்கள் பொருளுக்கு வேறாக இருக்கும். இதில் ஐஜிஎஸ்டியைப் பார்த்து மயக்கம் போட வேண்டாம், விற்கும்போது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். மயக்கம் போட வேண்டிய இடம் மணலியில் இருக்கும் துறைமுகச் சரக்குக் கிடங்கு. கொள்கலனில் ஒரு மூலையை மட்டும் பிடித்து வருகிற சின்னச் சரக்குக்கு, கப்பலிலிருந்து இறக்கிப் பிரித்துக் கொடுக்கும் கட்டணம் 16,500 ஆனது. சீனாவிலிருந்து வந்த கப்பல் கூலியைவிட மணலிக்குள் நகர்த்திய கூலி அதிகம். ஏஜெண்ட் கட்டணம் 6,500. சென்னையிலிருந்து கண்ணமங்கலத்துக்கு லாரி வாடகை 5,500. பேசிய விலைக்குள் அடங்கிய ஜிஎஸ்டி உட்பட எல்லாம் போக எனக்குப் பதினைந்தாயிரத்து ஐந்நூறு நிற்கும் என்று போட்டிருந்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் நின்றிருக்கும்.

என் ஏஜெண்ட் இக்பால் பாய். சொந்த ஊர் வாணியம்பாடி, அலுவலகம் மண்ணடியில். அப்பா காலத்திலிருந்தே தோல் தொழில் குடும்பம். இவரும் தோல் பதனிடும் ரசாயனம், தோல் தொழிற்சாலைக்கான இயந்திரம் என்றே இருபது வருடமாகத் துறைமுகத்தில் இறக்கிக்கொண்டிருக்கிறார். நாணயமான மனிதர், கை சுத்தம். சீனாக்காரன் அனுப்பிய பில்லில் 'பீலிங் மெஷின்', அதாவது உரிக்கும் இயந்திரம் என்றும் ஒரு மாடல் எண்ணும் மட்டும் இருந்தது. இது என்ன மிஷின் என்று அவர் கேட்க, நான் கடையில் வேலையாக இருந்ததால் குரல் பதிவில் ஒரு வரி சொல்லி அனுப்பினேன். அவரும் தனக்குத் தெரிந்த தலைப்பில் தாக்கல் செய்துவிட்டார்.

சுங்க அதிகாரிகள் பெட்டியைப் பிரித்துச் சோதனை செய்த அன்று அவரிடமிருந்து போன். "இன்னா சேகரு, மாட்டி வுட்டியே! மிஷின்ல தோலு வைக்கிற எடமே இல்லியாமே! மேல புனல் மாதிரி கீதாம். இன்னாத்துக்குப்பா அது?"

அப்போதுதான் தெரிந்தது. மனிதர் என் சாமை இயந்திரத்தை மாட்டுத்தோல் வேலைக்கான இயந்திரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சுங்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தலைப்பு எண் உண்டு. தோல் இயந்திரத்துக்கு ஒன்று, தானிய இயந்திரத்துக்கு வேறொன்று. காகிதத்தில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் வேறு வேறு என்றால் சரக்கு அப்படியே நிற்கும். நல்ல வேளையாக எங்கள் விஷயத்தில் இரண்டுக்கும் வரி ஒன்றாகவே வந்தது, அதனால் வரி ஏய்க்கப் பார்த்தான் என்ற பேச்சு எழவில்லை. திருத்தி வாங்கும் வரை கிடங்கு வாடகை ஓடியது, 11,200. திருத்தமும் அபராதமும் 5,000. பெட்டியைப் பிரித்து மறுபடி அடித்த கூலி 2,800. ஆக மொத்தம் 19,000. என் லாபம் போய், கையிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு நஷ்டம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தோல் என்ற சொல்லைக் கேட்டவுடன் மாட்டைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வராதா என்று பாயைப் போனிலேயே உலுக்கி எடுத்துவிட்டேன். அவர் கட்டணம் 6,500 கிடையாது என்றும் சொல்லிவிட்டேன். அவர், "சரிப்பா, வுடு" என்றதோடு போனை வைத்துவிட்டார். மீதி 12,500 இருக்கிறதே? அதை ராணி அக்காவிடம் கேட்பது என்று முடிவு செய்தேன். துறைமுகத்தில் செலவு கூடிவிட்டது, நேரில் வந்து விவரம் சொல்கிறேன் என்று போனில் ஒரு வார்த்தையும் போட்டு வைத்தேன். ஒரு ரூபாய் ஏறாது என்று சொன்ன அதே வாயால் கேட்க வேண்டும். ஆனால் தப்பு என்னுடையது இல்லையே, நான் ஏன் சுமக்க வேண்டும் என்பது என் கட்சி.

வண்டி கிளம்பிவிட்டது. ஓட்டுநர் முனுசாமி, ஊர் படவேடு. கரும்பு லோடு இல்லாத நாளில் எங்கள் கடைக்கு ஓட்டுவார். வாடகை 4,200. காலை ஆறு மணிக்குக் கண்ணமங்கலத்தில் ஏற்றினோம். சந்தவாசல், போளூர் வழியாக அந்தச் சிற்றூர் வரை வண்டி மீட்டரில் எழுபத்தெட்டு கிலோமீட்டர். கணியம்பாடியிலிருந்து அமிர்தி காட்டு வழியாகவும் மலை ஏறலாம். பைக்கில் போகிறவர்களுக்கு அந்த வழி பிரமாதம், நிழலிலேயே போகலாம். ஆனால் நானூறு கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்குப் போளூர் வழிதான் சரி, வளைவுகள் அகலம்.

போளூரில் இட்லியும் வடைகறியும் இருவருக்கும் நூற்று இருபது ரூபாய். ஊரைத் தாண்டி நெல் வயல்கள் முடிகிற இடத்தில் மலை எழும்பி நிற்கிறது. அடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி. காவலர் பெட்டியைச் சுற்றி வந்து, "இன்னா லோடு?" என்றார்.

"தோல் உரிக்கிற மிஷினுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா தோலு? மானா?"

முனுசாமி வண்டியிலிருந்து குதித்தே விட்டார். "ஐயோ சார், சாமை சார், சாமை! மலையில பொம்பளைங்க குழுவுக்கு எத்துக்கினு போறோம்!"

பில்லைக் காட்டி, கைபேசியில் இயந்திரம் ஓடும் காணொளியைக் காட்டி, அவர் சிரித்து, நாங்கள் சிரித்துக் கிளம்பக் கால் மணி நேரம் ஆயிற்று. வனத்துறைக்காரருக்குத் தோல் என்றால் மான் தோல், அவர் வேலை அது. இப்படி ஆளுக்கொன்றாய் அர்த்தம் எடுத்தால் மனிதன் எப்படித்தான் வியாபாரம் செய்வது என்று முனுசாமியிடம் புலம்பினேன்.

"நீ வாய வச்சிக்கினு சும்மா இருந்திருந்தா இந்நேரம் அஞ்சாவது வளைவு ஏறியிருப்போம்ணா" என்றார் அவர்.

ஏற்றம் தொடங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. பாரம் இழுக்கும்போது முனுசாமி பாட்டுகூடப் போட மாட்டார். இரண்டாவது கியரிலேயே ஏறினோம். வளைவுக்கு வளைவு கீழே போளூர்ப் பக்கத்து ஏரிகள் சின்னதாகிக்கொண்டே வந்தன, காதில் குளிர் ஏறியது. மேலே சேர்ந்ததும் இது மலைதானா என்று சந்தேகம் வருகிற மாதிரி சமதளம், புளியமரம், பலாமரம், அறுவடை முடிந்த கொல்லைகள். ஜமுனாமரத்தூரில் டீ குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். எதிர்க்கடையில் தேன் பாட்டிலும் சாமை அரிசி பொட்டலமும் வரிசையாக இருந்தன. அந்தப் பொட்டலத்தின் விலையைப் பார்த்தபோது, உள்ளூரிலேயே அரிசியாக்கினால் ராணி அக்கா குழுவுக்கு எவ்வளவு நிற்கும் என்று மனக்கணக்குப் போட்டேன். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு அவர்களுக்கு ஒரு பொருட்டா என்றும் தோன்றியது. கேட்கப் போகிறவனுக்கு அப்படித் தோன்றத்தான் செய்யும்.

அங்கிருந்து எட்டு கிலோமீட்டர், பாதி மண் பாதை. குழுவின் கொட்டகையில் சாமை மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. பதினைந்து பெண்கள் இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து இரண்டு கட்டையைச் சாய்த்து வைத்து, கயிறு கட்டிப் பெட்டியைப் பக்குவமாக இறக்கினோம். இறக்கிய பிறகுதான் பெட்டியில், வண்டிக் கேபினை ஒட்டி மறைந்திருந்த பக்கம் அவர்கள் கண்ணில் பட்டது. கிடங்கு ஆட்கள் அடையாளத்துக்காகக் கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் 'தோல்' என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் அழிக்கத் தோன்றவில்லை.

ராணி அக்கா அதை வாய்விட்டுப் படித்தார். "இன்னா தம்பி, தோலுன்னு எழுதிக் கீது?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் எழுப்பினார். "ஆம்பூரு, வாணியம்பாடி பக்கம் தோல் கம்பெனியில ஓட்டிப்புட்டு வித்த மிஷினா? அதுலயா எங்க சோத்து சாமைய கொட்டுறது?"

ராணி அக்காவின் முகம் மாறிவிட்டது. குழுப் பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. "பழைய மிஷினுக்குப் பெயிண்டு அடிச்சி எங்க தலையில கட்டுறீங்களா? இப்பவே சொல்லிடுங்க, வண்டி இன்னும் திரும்பல" என்றார்.

நின்ற இடத்திலேயே மொத்தக் கதையையும் சொன்னேன். புது இயந்திரம் என்பதற்குப் பில்லைக் காட்டினேன். இக்பால் பாய் செய்த குளறுபடியைக் கையை ஆட்டி ஆட்டி விவரித்தேன். "அந்த பாய் காதுல தோலுன்னா மாட்டுத்தோலு மட்டும்தான் ஏறும், நான் இன்னாக்கா பண்றது?" என்று முடித்தேன்.

அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி, அவரு காதுல தோலுன்னு ஏறணும்னா யாராவது தோலுன்னு சொல்லியிருக்கணுமே?" என்றார்.

"நீங்கதானேக்கா வந்து கேட்டீங்க, சாமைக்குத் தோல் உரிக்கிற..."

"நானா? நான் உமின்னேன். சாமைக்கு ஏதுங்க தோலு? மல்லாட்டையா அது?"

பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முனுசாமி வண்டிக்குப் பின்னால் போய் நின்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் கடையில் நின்று உமி என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நாளைக்கு நாற்பது முறை மல்லாட்டைத் தோல், மல்லாட்டைத் தோல் என்று சொல்லிப் பழகிய என் வாய்தான் அதை மாற்றியிருக்கிறது. பாய்க்கு நான் அனுப்பிய குரல் பதிவில் சாமை என்ற சொல்லே இல்லை. "சின்ன மிஷின் பாய், தோல் உரிக்கிறது" என்பதுதான் நான் சொன்ன ஒரே வரி. வாணியம்பாடிக்காரருக்கு அதைவிடத் தெளிவாக ஒருவன் தப்பு வழி காட்ட முடியாது. ஒரு நிமிடம் முன்புவரை நல்ல மனிதர் ஒருவரைத் திட்டிக்கொண்டு வந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

பெட்டியைப் பிரித்து மோட்டாரை இணைத்தோம். முதல் மரக்கால் சாமையைக் கொட்டியதும் அரிசியும் உமியும் கலந்தே விழுந்தன. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உமியை ஊதித் தள்ளும் காற்றுக்கதவை இரண்டு விரல் அளவு திறந்து, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி ஓட்டினேன். இந்த முறை ஒரு வாயில் அரிசி, மறு வாயில் உமி. ராணி அக்கா ஒரு கை அள்ளி ஊதிப் பார்த்தார். பறக்க ஒன்றும் இல்லை. அடுத்த மரக்காலை அவரே கொட்டினார்.

ஒரு மூட்டை முடிந்த பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "போன்ல ஏதோ செலவு கூட ஆயிடுச்சின்னீங்களே, எவ்ளோ?"

கணக்கு எழுதிய தாள் சட்டைப் பையில்தான் இருந்தது. "ஒண்ணும் இல்லக்கா. பேசின விலைதான். அது என் வாய்க்கு ஆன செலவு" என்றேன். அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. சாப்பாடு போட்டார்கள், எங்கள் கண் முன்னால் விழுந்த அந்தச் சாமையில் சோறும் மொச்சைக் குழம்பும். இரண்டு தட்டு சாப்பிட்டேன். நஷ்டப்பட்டவன் சாப்பிடுகிற சாப்பாடா இது என்று முனுசாமி கேட்டார்.

கிளம்பும்போது ராணி அக்கா ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு கை உமியை அள்ளி முடிச்சுப் போட்டு நீட்டினார். "இத அந்த பாய்க்கு அனுப்பி வையுங்க. பக்கத்து ஊரு குழுவும் மிஷின் கேக்குறாங்க. அதுலயாவது கரெக்டா எழுதட்டும்."

ஆக, உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தாக்கல் செய்யும் முன் வரைவை ஏஜெண்டிடம் கேட்டு வாங்கி ஒரு வரி விடாமல் படியுங்கள், நான் படிக்கவில்லை. பொருள் எதைச் செய்கிறது, எதன் மேல் செய்கிறது என்ற இரண்டையும் எழுத்தில் கொடுங்கள், படத்தோடு. விற்கிறவனின் பில்லிலும் அதே சொற்கள் வரட்டும். கிடங்குக் கட்டணத்தை முன்பே எழுதி வாங்குங்கள். எல்லாச் செலவும் தெரிவதற்கு முன் யாருக்கும் விலை சொல்லிவிடாதீர்கள், சொல்லிவிட்டால் நில்லுங்கள். இயந்திரம் பார்க்க மலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே ஏறுங்கள், சோதனைச் சாவடியில் கேட்டால் சாமை என்று மட்டும் சொல்லுங்கள்.

மறுநாள் இக்பால் பாய்க்கு 6,500 அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். "அட வுடுப்பா, தொழில்ல வர்றதுதான்" என்றார். பக்கத்து ஊர்க் குழுவுக்கு அடுத்த இயந்திரம் இறக்கப் போகிறேன், இந்த முறை சரியாகச் சொல்கிறேன், உமி நீக்கும் மிஷின் என்றேன்.

மறுமுனையில் மெதுவாகக் கேட்டார். "உமின்னா இன்னாப்பா?"

உமிப் பையை அன்றைக்கே மண்ணடிக்குக் கூரியரில் போட்டேன். அறுபது ரூபாய். இந்த இயந்திரத்துக்காக நான் கட்டியதிலேயே உருப்படியான சுங்கம் அதுதான்.